நிலவேம்புச் சாற்றைக் குடுவையில் ஊற்றும் முன்

திருகோணமலையில் வேம்பு, நிலவேம்பு, கொடிவேலி எதற்கும் பஞ்சமில்லை. அதனால்தானோ என்னவோ, ஒட்டுண்ணிக்கு மருந்து தேடி ஆய்வில் இறங்கும் பிள்ளைகளில் பலர் செடியில் இருந்து நேரே குடுவைக்குப் பாய்கிறார்கள். கையுறை போடு, லேபல் ஒட்டு என்பதையெல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள், நான் அதற்குள் போகவில்லை. ஆய்வையே வீணாக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பிரிக்காத சாற்றில் வினை நடத்துவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. மூதூர்த் தம்பி ஒருவர் நிலவேம்பின் மெதனோல் சாற்றை வற்றவைத்து, அந்தப் பச்சைக் களியிலேயே அசற்றைல் கூட்டத்தை ஏற்றும் அசற்றிக் அன்ஹைட்ரைட்டையும் பிரிடீனையும் ஊற்றினார். வந்ததை லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியில் போட்டால் எல்லாம் செத்துக் கிடக்கிறது. "சேர், மருந்து கிடைச்சிட்டுது!" சரி, எது மருந்து? பிளேவனொயிட், பினோல், சீனி என்று ஹைட்ரொக்சில் வைத்திருந்த எல்லாவற்றிலும் அசற்றைல் ஏறியிருக்குமே. செடியே சேர்க்காமல் அதே இரசாயனங்களை அதே மாதிரிக் கழுவி, வற்றவைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதிலும் செத்தது. கொன்றது செடி இல்லை, போகாமல் மிஞ்சிய இரசாயனம். ஒரு பருவத்துச் செடி, கரைப்பான், மூலக்கூறின் அமைப்பைப் பார்க்கும் என்எம்ஆர் சோதனைக்குக் கட்டிய காசு எல்லாம் போச்சு. இத்தனைக்கும் ஆண்ட்ரோகிராபோலைட் என்ற கசப்புப் பொருள் நிலவேம்பில் தாராளமாக இருக்கிறது, பொறுமையாகச் செய்தால் மெதனோலில் இருந்து பளிங்காக விழும். அந்தப் பளிங்கை எடுத்து 3, 14, 19 ஆம் இடங்களில் உள்ள ஹைட்ரொக்சில்களில் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றினால்தான், மாற்றியதையும் மாற்றாததையும் பக்கத்தில் வைத்து ஏதாவது சொல்ல முடியும்.

வேலை செய்யும் இடத்தையே உடைப்பது

செடியில் இருந்து வரும் மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் பலம், இரண்டு ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்த அதன் பெரொக்சைட் பாலத்தில் இருக்கிறது. சோடியம் போரோஹைட்ரைட் லக்டோனைத் தாழ்த்திவிட்டுப் பாலத்தைத் தொடாமல் விடும். டைஹைட்ரோஆர்ட்டிமிசினின் கிடைப்பது அப்படித்தான், அதிலிருந்துதான் ஆர்ட்டிமீதரும் ஊசியில் போடும் ஆர்ட்டிசுனேட்டும். பாலம் போனால் கையில் மிஞ்சும் டிஒக்சி வடிவத்தால் மலேரியாவுக்குப் பிரயோசனம் இல்லை.

தவறான வடிவத்தில் சோதிப்பது

இலங்கை 2016 இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றுவிட்டது. தோலில் வரும் லீஷ்மேனியா இன்னும் இருக்கிறது. அதைப் பரப்பும் மணல் ஈயின் குடலில் வாலோடு நீந்தும் வடிவத்தைக் கொன்றுவிட்டு மருந்து என்று சொல்லாதீர்கள். நோயாளியின் உடலில் அது மக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புக் கலத்துக்குள் ஒளிந்திருக்கிறது, மருந்து அங்கே போய்ச் சேர வேண்டும்.

மனிதக் கலத்தை மறப்பது

கொடிவேலியில் உள்ள பிளம்பாஜின் என்ற பொருள் ஒட்டுண்ணியைக் கொல்லும். நம் கலங்களையும்தான்.

டிஎம்எஸ்ஓ

சோதனைக்குச் சாற்றைக் கரைக்கும் கரைப்பான் இது. கொல்வது அதுவா சாறா என்று தெரிய, சோதனைத் தட்டில் ஒட்டுண்ணி உள்ள ஒரு குழிக்கு, சாறு இல்லாமல் அதே அளவில் அதை மட்டும் ஊற்றி வையுங்கள்.

செடி எது?

பூவோடு ஒரு மாதிரியைக் காயவைத்து, பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் காட்டி உறுதிப்படுத்துங்கள். கடையில் வாங்கிய காய்ந்த கட்டு இதற்கு உதவாது.