ஒயினில் பழ வாசனை பிடிப்பது எப்படி? தள்ளுவண்டிப் பழங்களை வைத்து ஒரு செய்முறை

பாட்டிலின் பின்பக்க லேபிளில் கூஸ்பெரி, பேஷன்ஃப்ரூட், பிளாக்கரண்ட் என்று அடுக்கியிருப்பார்கள். வண்ணாரப்பேட்டை தள்ளுவண்டியில் இவற்றைத் தேடிப் பயனில்லை. மோந்தே பார்க்காத பழத்துக்கு மூக்கால் பெயர் சொல்ல முடியாது. லேபிளை ஓரம் வையுங்கள். கொய்யா, அன்னாசி, எலுமிச்சை, நாவல் போதும்.

ஒயின் தயாரிக்கும்போது இந்தப் பழங்களைக் கலப்பதில்லை. ஆனால் கொய்யாவின் மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களில் சில, திராட்சைச் சாறு நொதிக்கும்போது சாவின்யோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினிலும் வெளிப்படுகின்றன. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் வரும் மிளகு வாடையும் அப்படித்தான்: மிளகில் இருக்கும் அதே ரோட்டண்டோன் என்ற வாசனைச் சேர்மம்.

வாங்க வேண்டியது

இனிப்பில்லாத சாவின்யோன் பிளாங் ஒன்று, ஷிராஸ் ஒன்று. இரண்டுமே நாசிக்கில் விளைகின்றன, அவையே போதும். ‘போர்ட்’ என்று எழுதிய இனிப்பு ஒயின் வேண்டாம், சர்க்கரை எல்லாவற்றையும் மழுப்பிவிடும்.

முதலில் ஒப்பிட்டு மோந்து பார்க்க மாதிரிக் கிண்ணங்கள். வெள்ளை ஒயினை நாலு கிண்ணத்தில் 30 மி.லி. வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் பழுத்த கொய்யா, கட்டைவிரல் நகம் அளவு. அடுத்ததில் அன்னாசி, அதே அளவு. மூன்றாவதில் எலுமிச்சைத் தோல், 1 செ.மீ. நாலாவதில் பச்சைக் குடமிளகாய், அதுவும் 1 செ.மீ. சிவப்புக்கு மூன்று கிண்ணம்: ஒரு நாவல்பழம் நசுக்கி, கருப்பு உலர் திராட்சை ஐந்து, தட்டிய மிளகு இரண்டு. தட்டு போட்டு மூடி 30 நிமிடம் வையுங்கள். குடமிளகாயை மட்டும் பத்தே நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அறையே அதுவாகிவிடும்.

கிளாஸ்

வாய் குறுகி, வயிறு அகன்ற கண்ணாடி கிளாஸ். எவர்சில்வர் டம்ளரில் வாசனை நிற்காது. பிளாஸ்டிக் கப் தன் வாடையைச் சேர்த்துவிடும். எலுமிச்சை வாசனை சோப்பால் கழுவிய கிளாஸில் எந்த ஒயினும் எலுமிச்சையாகத்தான் மணக்கும்! வெந்நீரில் கழுவி, கடைசியாகக் கேன் தண்ணீரில் அலசுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் நெடியும் ஒட்டும். துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

சூடு: பலரும் தவறுவது இங்கேதான்

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாறு என்று புத்தகங்கள் சொல்லும். அது குளிர் நாட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. ராயபுரத்து ஹாலில் மே மாதம் 34 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் முதலில் ஆவியாகி மூக்கில் ஏறும். ஸ்பிரிட் நெடிக்கு அடியில் நாவலும் இல்லை, மிளகும் இல்லை. ‘எனக்கு மூக்கே இல்லை’ என்று கைவிடுகிறவர்களில் பலருக்குக் கோளாறு பாட்டிலின் சூடுதான்.

ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி போட்ட வாளியில் சிவப்பு ஒயின் பாட்டிலைக் கழுத்துவரை 12 நிமிடம் இறக்குங்கள். வெறும் ஐஸ் போதாது. இடுக்கில் காற்று நின்று குளிர் இறங்காது. ஃபிரிட்ஜ் என்றால் சுமார் ஒன்றரை மணி நேரம். வெள்ளைக்கு நேர்மாறு: ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தது 4, 5 டிகிரியில் ஊமையாக இருக்கும். கிளாஸில் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள், 10 டிகிரி வரட்டும். காற்றூட்டும் கருவி, டிகேன்டர் (ஒயினை ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) எதுவும் இப்போது வேண்டாம். குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று அவை எல்லாவற்றையும்விட உதவும்.

மோப்பம்

சாம்பிராணி, கொசுவத்தி, மல்லிகைப்பூ, சென்ட் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. காசிமேட்டுப் பக்கம் இருந்தால் கடல்காற்று வீசும்போது ஜன்னலைச் சாத்துங்கள்.

பாட்டிலில் இருக்கும் ஒயினைக் கிளாஸில் 50 மி.லி. ஊற்றி, சுழற்றாமல் ஒரு தடவை மோந்து பாருங்கள். பிறகு மூன்று சுற்று சுழற்றி, இரண்டு மூன்று குட்டி மூச்சு. ஒரே இழுப்பாக இழுத்தால் மூக்கு மரத்துப்போகும். அரை நிமிடம் விட்டு, உங்கள் முழங்கையை மோந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். காபிக்கொட்டை வேண்டாம், அதுவும் பலமான வாசனைதான்.

உடனே ‘அன்னாசி!’ என்று பெயருக்குத் தாவாதீர்கள். முதலில் குடும்பம்: எலுமிச்சை வகையா, அன்னாசி, மாம்பழம் போல வெயில்நாட்டுப் பழமா, கருநிறப் பழமா, உலர்ந்ததா? அமெரிக்காவின் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்து ஆன் நோபிள் 1984-இல் வகுத்த வாசனைச் சக்கரமும் இப்படித்தான், நடுவில் குடும்பம், விளிம்பில் தனிப்பெயர். குடும்பம் பிடிபட்டதும் அந்தக் கிண்ணத்தை ஒரு தடவை, கிளாஸை ஒரு தடவை, மாறி மாறி. எங்கே இரண்டும் ஒட்டுகிறதோ அதுதான் பெயர்.

பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். புளிப்பும் துவர்ப்பும் மட்டும் தெரியும். விரலை எடுத்த நொடி, தொண்டை வழியாகப் பழம் மேலே வரும். ‘இனிப்பாக மணக்கிறது, ஆனால் இனிக்கவில்லையே’ என்ற குழப்பம் இதில் தீரும்.

எதுவுமே வராவிட்டால்

நனைந்த அட்டைப்பெட்டி வாடை: கார்க் கெட்டது. காய்ச்சிய ஜாம் வாடை: பாட்டில் வெயிலில் வெந்திருக்கிறது, இந்த ஊரில் அடிக்கடி நடக்கும். புளிக்காடி நெடி: காற்றுப் பட்டுக் கெட்டது. மூன்றிலும் உங்கள் மூக்கைக் குறை சொல்லாதீர்கள்.

பின்சேர்க்கை: திராட்சையில் செய்ததில் ஏன் திராட்சை மணக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு: பெரும்பாலும் மணக்காது, மஸ்கட் வகை விதிவிலக்கு. கம்பத்துப் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க்தான். ஒரு கொத்தை நசுக்கி மோந்தால் அந்தக் குடும்பம் பிடிபடும். ஊறிய கிண்ணங்களை மறுநாளுக்கு வைக்காதீர்கள், அன்னாசி முதலில் புளிக்கும்.