ஏற்காட்டு எஸ்டேட் சென்சார்களுக்கு எந்த டேட்டாபேஸ்?

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். 40 இடங்களில் சென்சார் கம்பம். மண் ஈரம், இலை ஈரம், காற்றின் ஈரப்பதம், வெப்பம், மழை, பேட்டரி வோல்ட் என்று ஒவ்வொரு கம்பமும் 10 விநாடிக்கு ஒருமுறை ஆறு அளவுகளை அனுப்புகிறது. சர்வர் கீழே சேலத்தில். டேட்டாபேஸ் தேடுகிறவர்கள் முதலில் திறப்பது வேக ஒப்பீட்டு அட்டவணையைத்தான். அதை மூடிவிட்டுக் கணக்குப் போடுங்கள்: ஒரு கம்பம் ஒருமுறை அனுப்பும் ஆறு அளவும் ஒரு வரிசை என்றால், விநாடிக்கு 4 வரிசை, 24 அளவுகள். ஒரு நாளைக்கு 20,73,600 அளவுகள். சாதாரண கணினிக்கே இது பெரிய சுமை இல்லை.

தொல்லை வேறு இடத்தில். கோடை இடிமழைக்கு மலையில் கரண்ட் போகும், சிக்னலும் போகும். மூன்று மணி நேரம் கழித்து லைன் வந்ததும் தேங்கிய 43,200 வரிசைகளும் முன்பின்னாக, சில இரட்டையாக, மொத்தமாக வந்து கொட்டும். சென்சார் செய்திகளை அனுப்பும் முறையான எம்க்யூடிடி-யில் க்யூஓஎஸ் 1, அதாவது 'ஒருமுறையாவது போய்ச் சேர வேண்டும்' என்ற அமைப்பை வைத்தால் ஒரே செய்தி இரண்டு முறை வருவது இயல்புதான். ஆகவே முதல் கேள்வி, தாமதமாக வருவதை டேட்டாபேஸ் எப்படி நடத்துகிறது என்பதே.

அதற்கும் முன், கம்பங்களின் அளவுகளைத் திரட்டிச் சேலத்துக்கு அனுப்பும் மலையில் உள்ள சிறு கணினியை, அதாவது கேட்வேயைப் பாருங்கள். அதில் ஓடி டேட்டாவை அனுப்பும் டெலிகிராஃப் என்ற மென்பொருளின் பஃபர், அதாவது அனுப்பும் வரை தேக்கி வைக்கும் இடம், இயல்பாக 10,000 வரிசைதான். விநாடிக்கு 4 என்றால் 41 நிமிடத்தில் நிரம்பி, பழையதைத் தூக்கி எறியத் தொடங்கிவிடும். 1,00,000 ஆக்கினால் ஏறக்குறைய 7 மணி நேரம் தாங்கும். ஆனால் அது மெமரியில் இருப்பது. கேட்வே அணைந்தால் அதுவும் போச்சு. யுபிஎஸ் வாங்காமல் டேட்டாபேஸ் பற்றி விவாதிப்பது வீண் வேலை. கேட்வேயாக ராஸ்ப்பெரி பை 4 என்ற சிறு கணினியை வைத்தால், அதில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்தபின் இணையம் கிடைத்து நேரம் சரியாகும் வரை பழைய நேரத்தையே பதியும். தனியாக ஆர்டிசி மாட்யூல், அதாவது பேட்டரிக் கடிகாரம் பொருத்துங்கள்.

இனி டேட்டாபேஸ் தேர்வு. ப்ரொமீதியஸ் இந்த வேலைக்கு ஒத்துவராது. அது தானே போய் அளவுகளை எடுத்துவரும் வகை. சிம் கார்டு இணைப்பில் இருக்கும் கேட்வேயை வெளியிலிருந்து பெரும்பாலும் எட்ட முடியாது. நேர ஒழுங்கு தப்பி வருவதையும் இயல்பு அமைப்பில் அது ஏற்காது. சர்வரைக் கண்காணிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். கிளிக்ஹவுஸ் பெரிய சுமைக்கானது; ஒவ்வொரு வரிசையாகச் செருகினால் டிஸ்கில் சிறு துண்டுகள் பெருகித் திணறும், ஆயிரக்கணக்கில் சேர்த்துத்தான் தள்ள வேண்டும்.

இன்ஃப்ளக்ஸ்டிபி-யில் அதே டேக் (கம்ப எண் போன்ற அடையாளம்), அதே நேரம் கொண்ட வரிசை மறுபடி வந்தால் பழையதன் மேலேயே எழுதப்படும். இரட்டைப் பிரச்சினை தானாகத் தீரும். இரண்டு இடத்தில் இடறுவார்கள். 1970 தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் நேரத்தை விநாடியில் அனுப்பிவிட்டு அலகைச் சொல்லாமல் விட்டால், 1, 2 பதிப்புகள் அதை நானோவிநாடியாக எடுத்துக்கொண்டு 1970-ல் பதித்துவிடும். முதலில் முழு எண்ணாக எழுதிய ஃபீல்டில் (அளவு பதியும் இடம்) பிறகு தசமம் வந்தால் அந்தப் பதிவு நிராகரிக்கப்படும். 3-ஆம் பதிப்பின் இலவச வடிவமான கோர் அண்மைக்கால டேட்டாவுக்கானது. ஆண்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் சோதித்த பிறகே இறங்குங்கள்.

இத்தகைய தோட்டத்துக்கு எங்கள் பரிந்துரை டைம்ஸ்கேல்டிபி. போஸ்ட்கிரெஸ் என்ற பொது டேட்டாபேஸின் மேல் ஓடும் நீட்சி அது. போஸ்ட்கிரெஸ் தெரிந்த ஆள் சேலத்தில் எளிதில் கிடைப்பார். கம்பத்தின் பிளாக், காபி ரகம், நட்ட ஆண்டு எல்லாம் அதே இடத்தில் சாதாரண அட்டவணையாக இருக்கும். அளவுக்கு ஒரு வரிசை வைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு வரிசைக்கும் 20-க்கு மேல் பைட் தலைப்புச் செலவே உண்டு. ஆறு அளவையும் ஒரே வரிசையில் ஆறு பத்தியாக வையுங்கள். கம்ப எண், நேரம் இரண்டும் சேர்ந்து மறுபடி வராமல் தடுக்கும் யுனீக் இண்டெக்ஸ் போட்டு, செருகும்போது மோதினால் அந்த வரிசையை விட்டுவிடச் சொல்லுங்கள். டெலிகிராஃபின் போஸ்ட்கிரெஸ் இணைப்பு இதைச் செய்யாது. எனவே முதலில் ஒரு இடைநிலை அட்டவணைக்கு எழுதி, அங்கிருந்து மாற்றுங்கள்.

பலர் கவனிக்காதது, மூல டேட்டாவிலிருந்து டைம்ஸ்கேல்டிபி கணக்கிட்டுச் சேமித்து வைக்கும் மணிவாரிச் சராசரி. அதைத் தானாகப் புதுப்பிக்கும் பாலிசியில், எவ்வளவு பழைய டேட்டா வரை திரும்பிப் பார்ப்பது என்னும் தொடக்க எல்லையை 3 மணி நேரம் என்று வைத்தால், 6 மணி நேரம் தாமதமாக வந்த டேட்டா மூல அட்டவணையில் இருக்கும், சராசரியில் சேராது. 3 நாள் வையுங்கள். மூல டேட்டாவை நீக்கும் பாலிசி இந்த எல்லையைத் தாண்டியே இருக்கட்டும். இல்லையேல் புதுப்பிக்கும்போது சராசரியும் சேர்ந்து அழியும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. கேட்வேயின் சிம்மை 3 மணி நேரம் கழற்றி வைத்து மறுபடி போடுங்கள். அந்த நேரத்துக்கு 43,200 வரிசைகள் இருக்கின்றனவா, இரட்டை உண்டா, மணிச் சராசரி மாறியதா என்று எண்ணிப் பாருங்கள்.

நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமியுங்கள். ஆனால் யுடிசி நாள் நமக்குக் காலை 5.30-க்குத் தொடங்கும், வானிலைத் துறையின் மழைநாளோ காலை 8.30 முதல் 8.30 வரை. காபியைப் பூக்க வைக்கும் பூ மழை எத்தனை மில்லிமீட்டர் என்று ஒப்பிடும்போது, நாள் பிரிக்கும் இடத்தில் யுடிசி 3 மணியைத் தொடக்கமாகக் கொடுங்கள்.