வைஃபை போனால் ஊசியைத் தேடாதீர்கள்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "அண்ணா, கம்ப்யூட்டர்ல நெட் வரல, எல்லாம் செஞ்சு பாத்துட்டேன்" என்றான். கையில் சிம் கார்டு எடுக்கும் ஊசி. அந்த "எல்லாம்" பாதி பயம் என்றால், ஊசி மீதி பயம். நானும் ஒரு காலத்தில் இப்படி எல்லாம் செய்து பார்த்து, இருந்ததையும் கெடுத்தவன்தான். பிளக் மாட்டியிருக்கிறதா, ஏரோப்ளேன் மோடு போட்டிருக்கிறதா என்பதெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். அதற்கப்புறம் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள் இவை.

வைஃபை குறியை நம்புவது

குறி முழுசாக இருக்கிறதே, அப்புறம் ஏன் வரவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் குறியின் கோடுகள் காட்டுவது கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவே உள்ள சிக்னலை மட்டும்தான், தெருவில் கேபிள் அறுந்து கிடந்தாலும் அவை முழுசாக நிற்கலாம். அதனால் முதலில் போனை அதே வைஃபையில் போட்டுப் பாருங்கள், மொபைல் டேட்டாவை மறக்காமல் அணைத்துவிட்டு. போனில் வந்தால் ரூட்டரைத் தொடவே வேண்டாம், கோளாறு பெரும்பாலும் கணினியில். கணினியின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முகவரி சரியாக இருந்தால் ரூட்டரைப் பிங் செய்யுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று கட்டளை கொடுத்துப் பாருங்கள் (முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), அப்புறம் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8. இரண்டும் பதில் சொல்லியும் தளங்கள் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படலாம்.

ரீஸ்டார்ட் என்று நினைத்து ரீசெட் செய்வது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ரூட்டரின் பின்னால் ஒரு சின்னத் துளை, அதற்குள் ஒரு பட்டன். ஊசியை விட்டுப் பத்து விநாடி போல அழுத்திப் பிடித்தால், பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். போவது வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் என்றால் பரவாயில்லை. இணைப்பு கொடுக்க வந்தவர் உள்ளே தட்டிவிட்டுப் போன பிபிபிஓஇ (நிறுவனத்தின் நெட்டுக்குள் நுழையும் லாகின் முறை) யூசர்நேம், அதன் பாஸ்வேர்ட், சில இணைப்புகளில் வீலேன் எண் (நிறுவனம் தன் லைனில் நெட்டைத் தனியாகப் பிரிக்க வைக்கும் எண்), எல்லாம் சேர்ந்து போய்விடும். அதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

நான் எழுதி வைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை ராத்திரி, நெட் போகக்கூட இல்லை, மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். யாரோ "ரீசெட் பண்ணு" என்று சொன்னதைக் கேட்டு ஊக்கை எடுத்துக் குத்தினேன். விளக்குகள் எல்லாம் அழகாகத் திரும்ப எரிந்தன, வைஃபையும் ஸ்டிக்கரில் அச்சடித்த பெயரோடு வந்தது, நெட் மட்டும் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் யூசர்நேம் கேட்டால், திங்கட்கிழமை ஆள் வந்து போட்டுத் தருவார் என்றார்கள். இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் டிவி, பிரிண்டர், பழைய போன் என்று ஒவ்வொன்றையும் புதிதாக இணைத்தேன். பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே திரும்ப வைத்திருந்தால் அவை தானாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுகூட அப்போது தெரியாது. ஆரம்பத்தில் நெட் மெதுவானதற்குக் காரணம் என்ன தெரியுமா? என் கணினியே பின்னணியில் புகைப்படங்களை பேக்கப் ஏற்றிக்கொண்டிருந்தது.

சில பெட்டிகளில் இந்த விவரங்கள் நிறுவனத்திடமிருந்து தானாகவே திரும்ப இறங்கிவிடும். உங்களுடையது அந்த வகையா என்பதை ஊசி குத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டுமா? ரீஸ்டார்ட் என்றால் பவர் பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிஷம் விட்டு, திரும்ப மாட்டுவது. மோடம் (வெளியிலிருந்து வரும் லைன் சேரும் பெட்டி) தனியாக இருந்தால் அதை முதலில் மாட்டி, விளக்குகள் நிலைத்தபின் ரூட்டரை மாட்டுங்கள். ரீசெட் செய்தே ஆகவேண்டும் என்றால், பிரவுசரில் ரூட்டரின் முகவரியைப் போட்டு அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் எடுத்துவிட்டு, இணைப்பு விவரம் இருக்கும் திரையைப் போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்ட் அங்கே புள்ளிகளாகத்தான் தெரியும், அதை முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

டிரைவரை அழித்துவிட்டுப் புதியதைத் தேடுவது

டிரைவர் என்பது வைஃபையை இயக்கும் மென்பொருள். அதை அழித்துவிட்டால் நெட்டே இருக்காது, புதியதை எதை வைத்து இறக்குவீர்கள்? மாட்டிக்கொண்டால், போனை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து டெதரிங் போடுங்கள், போனின் நெட் கணினிக்கு வரும்.

5 கிகாஹெர்ட்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது

வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வரும். ரூட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் 5-இன் வேகம் சரி, நடுவில் இரண்டு சுவர் வந்தால் 2.4 தான் தாங்கும். அந்த 2.4-இல் சேனல்களை (அலைவரிசைக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பாதைகளை) கையால் மாற்றுகிறவர்கள் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள், அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. கூட்டம் இல்லை என்று 3-இல் போய் உட்கார்ந்தால் 1, 6 இரண்டின் இரைச்சலும் உங்கள் தலையில்தான். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை வைஃபை டாங்கிளுக்கு (யூஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை கருவிக்கு) பக்கத்திலேயே செருகினாலும் 2.4 தடுமாறும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

ரூட்டரை அலமாரிக்குள் வைப்பது

வெளியே எடுங்கள்.

ஒரே மூச்சில் ஐந்தை மாற்றுவது

அந்தப் பையன் ஃபயர்வாலை (நெட் வழியாக வருவதைத் தடுத்துக் காக்கும் மென்பொருளை) அணைத்திருந்தான், டிரைவரை மாற்றியிருந்தான், டிஎன்எஸ்ஸைக் கையால் போட்டிருந்தான். 8.8.8.8 என்பதற்குப் பதில் 8.8.8.3. நான் அதைத் தானியங்கிக்கு மாற்றியதும் தளங்கள் திறந்துவிட்டன.

"அப்போ முதல்ல ஏன் போச்சு?" என்றான்.

அன்று மதியம் அரை மணி நேரம் எங்கள் வீட்டிலும் லைன் இல்லை. அது எப்போதோ திரும்பி வந்துவிட்டது. ஊசியை வாங்கி என் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டேன்.