சல்லடைக்கு மேலே நின்ற கல்

போன மாதம் இரண்டு தம்பிகள் என்னைத் தேடி வந்தார்கள். தாராபுரம் பக்கம் ஒரு ஓடைப் பள்ளத்தோரத்தில் 7 ஏக்கர் கொறங்காடு வாங்கியிருக்கிறார்கள். ஆடு விடப் போகிறார்களாம், மரமும் வைக்கப் போகிறார்களாம். கையில் மண் பரிசோதனை ரிப்போர்ட். "ஏனுங்கண்ணா, ரிப்போர்ட்ல எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் மூத்தவர். வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெருமையாகத் திரிந்த தாளும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. காங்கயம், தாராபுரம் வட்டாரத்தில் முள்கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக வைத்திருக்கும் சொந்த மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு. காங்கயம் மாடு வளர்ந்தது இதில்தான். வருடத்துக்கு 600 மி.மீ.யை ஒட்டிய மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். பெரும்பாலும் சரளை மண். நான் சொல்லப் போவது அதிலும் ஓடையை ஒட்டிய மேட்டுத் திட்டுகளில் இருக்கும் சரளையைப் பற்றி.

வேலி அடைக்காமல் ஆடு வாங்குவது, புல்லுக்கு மீறி உருப்படி விடுவது, சீமைக்கருவேலத்தை வளரவிட்டு வேடிக்கை பார்ப்பது, இந்தத் தவறுகளையெல்லாம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விட்டுவிடுகிறேன். மற்றத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எல்லாச் சரளையும் ஒன்றென்று நினைப்பது

ஒரு கை சரளையை அள்ளிப் பாருங்கள். கல்லின் முனை கூராக இருந்தால் அது அங்கேயே பாறை சிதைந்து உண்டானது, அல்லது பக்கத்துச் சரிவிலிருந்து உருண்டு வந்தது. முனை மழுங்கிக் கூழாங்கல்லாக இருந்தால் தண்ணீர் கொண்டுவந்து போட்டது. ஓடை ஒரு காலத்தில் அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது. பிறகு தன் தடத்தைத் தானே அறுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. பழைய படுகை மேட்டில் திட்டாக நின்றுபோனது.

ஒரே ஓடைக்கு இப்படி இரண்டு மூன்று படிகள் இருக்கலாம். மேல் படி வயதில் மூத்தது. மண் சிவந்திருக்கும், களி கூடுதலாக இறங்கியிருக்கும், அடியில் சுக்கான் (கெட்டிப்பட்ட சுண்ணாம்பு) தடிப்பாக இருக்கும். கீழ்ப் படி இளசு. மணலும் கல்லுமாக வெளுத்துக் கிடக்கும், பெருவெள்ளம் வந்தால் இன்னமும் நனையும். இரண்டையும் ஒரே வேலிக்குள் ஒரே மாதிரி நடத்தினால் ஒன்று காய்ந்திருக்கும்போது இன்னொன்று பச்சையாக இருக்கும். ஆடு பச்சையிலேயே நின்று அதை மொட்டையடித்துவிடும்.

(கூழாங்கல்லுக்கு நடுவே வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் படிகக்கல் பளபளக்கும். பக்கத்துப் படியூரில் பழங்காலத்திலேயே பச்சைக்கல் தோண்டினார்கள், நொய்யல் கரைக் கொடுமணலில் மணி செய்தார்கள் என்பதெல்லாம் உண்மைதான். அதற்காக உங்கள் காட்டில் புதையல் தேட வேண்டாம். தேடியவன் சொல்கிறேன்.)

ஒரு குழி தோண்டிவிட்டு முடிவு செய்வது

ஓடை போட்ட மண் அடுக்கடுக்காக இருக்கும். இங்கே ஒரு முழம் வண்டல், இருபது அடி தள்ளி வெறும் கல். குறைந்தது நான்கு குழி.

ரிப்போர்ட்டை அப்படியே நம்புவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். பணமும் போனது, மானமும் போனது.

ஆய்வகத்துக்கு மண் போனதும் முதல் வேலையாக அதை உலர்த்தி, உதிர்த்து, 2 மி.மீ. சல்லடையில் சலிப்பார்கள். கீழே விழுந்ததைத்தான் சோதிப்பார்கள். மேலே நின்ற கல் குப்பைக்குப் போய்விடும். இது அவர்கள் தவறில்லை, முறையே அதுதான். ஆனால் உங்கள் காடு சலித்த காடு இல்லையே! தாளில் எழுதியிருக்கும் ஒவ்வொரு எண்ணும் கல் நீங்கிய மண்ணுக்கானது. தழைச்சத்து ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று போட்டிருந்தால், கல் பிடித்திருக்கும் இடத்தை அதில் கழிக்க வேண்டும். தண்ணீர் பிடிக்கும் அளவும் அப்படியே.

நான் கழிக்கவில்லை. கல் கண்ணுக்குத் தெரிந்தது, கணக்குக்குத் தெரியவில்லை.

நடந்தது இது. ஒரு தை மாதக் கடைசியில் வெள்வேலும் வேம்புமாக 400 கன்று வைத்தேன். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடியாகக் குழி. அதற்குள் சுமார் 95 லிட்டர் மண் பிடிக்கும். ரிப்போர்ட்டில் மணற்பாங்கான வண்டல் என்று இருந்தது. அந்த மாதிரி மண் தன் கொள்ளளவில் 12 சதவீதம் போலச் செடிக்கு எட்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அப்படியானால் குழிக்கு 11 லிட்டர். கன்று நாளுக்கு ஒரு லிட்டர் குடிக்கும் என்று வைத்தேன். சரி, பத்து நாளைக்கு ஒருமுறை 12 லிட்டர் ஊற்றினால் போதும், 400 கன்றுக்கு 4,800 லிட்டர், ஒரு டேங்கர் லோடு. நோட்டில் எழுதியபோது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா!

பங்குனியில் கன்றுகள் எட்டாம் நாளே தலை தொங்கின. வெயில் என்று நினைத்தேன். 15 லிட்டராக ஏற்றினேன். அப்போதும் எட்டாம் நாள் தொங்கின. சித்திரை முடிவதற்குள் 270 கன்று போய்விட்டது. "தண்ணி பத்தலீங்க" என்று டேங்கர்காரர் இன்னொரு லோடுக்கு அடிபோட்டார். வாங்கியிருப்பேன், கையில் காசில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது காசில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில்தான். செத்த கன்றின் குழி ஒன்றைத் தோண்டி, மண்ணைச் சலித்து எடை போட்டேன். பாதி எடை கல். எடையில் பாதி என்றால் இடத்தில் பாதி இல்லை, கல் கனமானது. மண்ணையும் அதன் காற்றிடைவெளியையும் சேர்த்துப் பார்த்தால் கொள்ளளவில் 36 சதவீதம் கல். வெங்கச்சங்கல்லும் கருங்கல் உருண்டையும் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஆக, குழிக்கு 11 லிட்டர் இல்லை, 7 லிட்டர்தான். ஊற்றிய 12 லிட்டரில் மிச்சம் 5 லிட்டரும் கல் இடுக்கு வழியாக வேருக்குக் கீழே போய்விட்டது. 15 ஊற்றியபோது 8 லிட்டர் போயிருக்கிறது. கன்று ஏழாம் நாளோடு தாகத்தில் நின்றிருக்கிறது.

தேவைப்பட்டது கூடுதல் தண்ணீர் இல்லை. அதே 12 லிட்டரை ஆறு ஆறாகப் பிரித்து ஐந்து நாளைக்கு ஒருமுறை ஊற்றியிருந்தால் ஒரு சொட்டும் வீணாகியிருக்காது. பத்து நாளைக்கு அதே ஒரு லோடுதான். மீதமிருந்த 130 கன்றுக்கு அப்படித்தான் செய்தேன். அதற்குப் பிறகு செத்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

கல்லை அளக்க ஆய்வகம் வேண்டியதில்லை. சதுரமாக ஒரு குழி வெட்டி, எடுத்த மண் அத்தனையையும் சாக்கில் போடுங்கள். குழிக்குள் பிளாஸ்டிக் தாளை விரித்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சாக்கு மண்ணை 2 மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலியுங்கள். மேலே நின்ற கல்லைக் கழுவி, விளிம்புவரை தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் போட்டு, வழிந்த தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். வழிந்ததைக் குழி பிடித்ததால் வகுத்தால் கல்லின் பங்கு வந்துவிடும். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் மறந்துவிடலாம். 15 முதல் 35 வரை சரளை மண். அதற்கு மேலே போனால் மிகுசரளை. அங்கே ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன் கணக்குப் போடும் பென்சிலை எடுங்கள்.

வந்த தம்பிகளின் திட்டத்தில் 60 ஆடு இருந்தது. அதுவும் அந்தத் தாளை வைத்து யாரோ போட்டுக் கொடுத்த புல் விளைச்சல் கணக்கு. முதலில் குழி வெட்டச் சொல்லி அனுப்பினேன்.

கல்லைப் பொறுக்கி நிலத்தைச் "சுத்தம்" செய்வது

மேலே கிடக்கும் கல்தான் அந்த நிலத்தின் போர்வை. ஐப்பசி மழையின் அடியைக் கல் வாங்கிக்கொள்ளும், மண் தெறிக்காது. வெயிலில் ஈரம் பறப்பதையும் குறைக்கும். கொழுக்கட்டைப் புல்லின் விதை, காற்றில் உருண்டு கல்லோரத்தில் தங்கித்தான் முளைக்கும். எங்கள் ஊரில் ஒருவர் ஆள் வைத்து இரண்டு ஏக்கரைப் பொறுக்கி வரப்பில் அடுக்கினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அந்த வருட மழையில் சல்லிவேர் தெரியும்வரை மண் அரித்துப் போனது. இப்போது அங்கே முன்பைவிட அதிகக் கல் தெரிகிறது, அடியில் இருந்தவை.

சரளையை லோடு கணக்கில் விற்பது

வேண்டாம்.

சுக்கானைக் கண்டதும் ஜேசிபி கூப்பிடுவது

குழியில் கூழாங்கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் மட்டும் வெள்ளைப் பூச்சு இருக்கும். நீர்த்த ஆசிட் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும், சுண்ணாம்பு. மழைநீர் கரைத்துக்கொண்டு இறங்கி, காய்ந்த இடத்தில் விட்டுப்போனது. பெரும்பாலும் மழை எந்த ஆழம்வரை போய் நிற்கிறது என்பதற்கு அது ஒரு கோடு. அதை உடைத்து மேலே கொண்டுவந்தால் சுண்ணாம்பு மேல்மண்ணில் கலக்கும். இரும்புச்சத்தும் மணிச்சத்தும் மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் போகும், இலை மஞ்சளாகும். புல்லுக்கு மேல்மண் ஒன்றரை அடி இருந்தாலே போதும். மரத்துக்கு மட்டும், அந்தந்தக் குழியில் கடப்பாரையால் உடையுங்கள்.

புது விதையை உடனே விதைப்பது

கொழுக்கட்டை விதைக்கு உறக்கம் உண்டு. ஆறேழு மாதமாவது சாக்கில் கிடக்கட்டும்.

முதல் மழைக்கே ஆட்டைத் திறந்துவிடுவது

சரளையில் முளைத்த புல்லுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் பிடிமானம் இருக்காது. ஆடு கடித்தால் வேரோடு வந்துவிடும். கையால் இழுத்துப் பாருங்கள். நுனி அறுந்து வேர் மண்ணிலேயே நின்றால் வேலிப் படலைத் திறக்கலாம்.