பின்பக்கம் குந்தும் பிக்அப்புக்குக் காற்றுப் பை பூட்டுவது

சிங்கப்பூரில் ஈசூன் பாலசுப்பிரமணியர் கோயில் பங்குனி உத்திரம் முடிந்து, ஜெனரேட்டர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு நடுநிசியில் சிலேத்தார் விரைவுச்சாலையில் வந்துகொண்டிருந்தோம். முன்னால் போன டாக்சிக்காரர் பிரேக் விளக்கை மூன்று தடவை தட்டிக் காட்டினார். "மாமா, நம்ம லைட்டு அவரு கண்ணாடியில அடிக்குது" என்றான் என் மைத்துனன். தாழ் விளக்குதான் எரிந்தது. வண்டியின் பின்பக்கம் குந்தி, மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது உயர் விளக்குபோல அடித்திருக்கிறது.

என்னிடம் இருப்பது பழைய ஹைலக்ஸ் பிக்அப். கோயில் விழா, பந்தல், கலை நிகழ்ச்சிகளுக்கு விளக்கும் மின்சாரமும் வாடகைக்கு விடும் தொழில். தொட்டியில் கேபிள், விளக்குக் கம்பம், மின்பெட்டி. பின்னால் ஒற்றை அச்சு டிரெய்லரில் ஜெனரேட்டர். இந்த வண்டிக்குக் காற்றுப் பை பூட்டிய அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கார் விபத்தில் வெடித்து முகத்தைக் காக்கும் பை வேறு. இது பின் அச்சுக்கும் சேஸிஸ் எனும் அடிச்சட்டத்துக்கும் நடுவே உட்கார்ந்து, தகட்டு ஸ்பிரிங்குக்குத் தோள் கொடுக்கும் ரப்பர் பை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பட்டறையில் பலரும் இதைச் சொல்ல மாட்டார்கள். காற்றுப் பை வண்டியின் சுமக்கும் திறனை ஒரு கிலோகூட உயர்த்தாது. கதவில் எழுதியிருக்கும் உச்ச எடை, பை பூட்டிய பிறகும் அதே எடைதான். அச்சு, பேரிங், டயர், பிரேக் எதுவும் மாறவில்லையே. பை செய்வது உயரத்தைச் சரிசெய்யும் வேலை மட்டும். அதனால் பை வாங்குவதற்கு முன் எடையைப் பாருங்கள். நான் தலைகீழாகச் செய்தேன், அதனால் ஒரே வேலையை இரண்டு முறை செய்தேன்.

எடை பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டிரெய்லரின் மொத்த எடையைப் பழைய இரும்பு வாங்கும் இடத்து எடைமேடையில் பார்த்தேன்: 950 கிலோ. கொக்கியில் எவ்வளவு அழுத்துகிறது என்பதற்கு வீட்டுக் குளியலறைத் தராசு போதும். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிற்க வைத்து, வழக்கமாகக் கொக்கியில் மாட்டும் உயரத்திலேயே டிரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்க வேண்டும். உயரம் மாறினால் எடையும் மாறும். பல வீட்டுத் தராசுகள் 150 கிலோவோடு நின்றுவிடும், பார்த்து இறக்குங்கள். எனக்கு 140 காட்டியது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருப்பது நல்ல கணக்கு. என்னுடையது கிட்டத்தட்ட பதினைந்து சதவீதம். ஜெனரேட்டருக்கு முன்னால் இழுகம்பியின் மேல் கருவிப்பெட்டி, உதிரி பேட்டரி, ஒரு கேபிள் சுருள் என்று நானே ஏற்றி வைத்திருந்ததுதான் காரணம்.

140 கிலோ என்றால் 140தானே என்று நினைக்காதீர்கள். கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. என் வண்டியில் முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை சுமார் 3.1 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கிக் குண்டு வரை 1.2 மீட்டர். சீசா பலகை ஆடிய யாருக்கும் மீதி புரியும். பின் அச்சில் ஏறுவது 195 கிலோவை ஒட்டி. முன் சக்கரங்களிலிருந்து குறைவது 55 கிலோவை ஒட்டி. அந்த 55 கிலோதான் ஸ்டீயரிங்கையும் முன் பிரேக்கையும் சாலையில் பிடித்து வைத்திருந்த எடை. காற்றுப் பை பின்பக்கத்தைத் தூக்கிவிடும், ஆனால் அந்த 55 கிலோவை முன்னால் திருப்பிக் கொடுக்காது. அதைக் கொடுப்பது எடை பகிரும் கொக்கி என்ற வேறொரு சாதனம். அல்லது காசே செலவில்லாமல், சுமையை இடம் மாற்றுவது.

நான் இடம் மாற்றினேன். இழுகம்பியில் இருந்தவற்றை எடுத்துப் பிக்அப் தொட்டியில் ஓட்டுநர் அறையை ஒட்டி வைத்தேன். மூக்கு எடை 100க்கு வந்தது. ஆசை யாரை விட்டது, இன்னும் குறைக்கலாமே என்று டீசல் கேன்களை டிரெய்லரின் வால் பக்கம் அடுக்கினேன். காலாங் - பாய லேபார் விரைவுச்சாலையில் 60ஐ நெருங்கும்போது டிரெய்லர் நாய் வாலை ஆட்டுவதுபோல ஆட்டியது. மூக்கில் எடை போதாவிட்டால் அப்படித்தான் ஆடும். எந்தக் காற்றுப் பையாலும் அதை நிறுத்த முடியாது. ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகத்தைத் தானாக இறங்கவிட்டேன். கேன்கள் மறுநாளே பழைய இடத்துக்குப் போயின.

இதற்கெல்லாம் பிறகும் வண்டி குந்தினால்தான் பைக்கு வேலை. எவ்வளவு குந்துகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவின் விளிம்பு வரை, நான்கு சக்கரத்துக்கும், வெறும் வண்டியாக ஒரு தடவை, சுமையேற்றி டிரெய்லர் மாட்டி ஒரு தடவை. முதல் அளவில் எனக்குப் பின்னால் 7 சென்டிமீட்டர் இறங்கி, முன்னால் 2 ஏறியிருந்தது. சுமையை மாற்றி வைத்த பிறகு பின்னால் 5, முன்னால் 1. ஒரு வெள்ளி செலவில்லாமல் பாதி நோய் குணமாகிவிட்டது.

இங்கே சிங்கப்பூரில், பெட்டியைப் பிரிப்பதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன் மோட்டாரிங் தளத்தில் வாகன மாற்றங்கள் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். அனுமதி தேவையில்லாதவை, அனுமதி வேண்டியவை, கூடவே கூடாதவை என்று பிரித்திருப்பார்கள். உங்கள் வண்டிக்கும் நீங்கள் வாங்கப்போகும் செட்டுக்கும் எது பொருந்தும் என்பதைப் பட்டறைக்காரர் வாய்மொழியில் விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு வண்டி ஆய்வுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே போய் "அவர்தான் பரவாயில்லை என்றார்" என்று சொல்ல முடியாது. காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை.

செட் வாங்கும்போது உங்கள் வண்டி மாடல், ஆண்டு, இருசக்கர இழுவையா நான்குசக்கர இழுவையா என்று பார்த்து, அதற்கென்றே செய்த பிராக்கெட் உள்ளதை வாங்குங்கள். பின்னால் சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டிக்குச் சுருளுக்குள் நுழையும் குழாய் மாதிரிப் பை. அது பெரும்பாலும் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரைதான் தாங்கும். தகட்டு ஸ்பிரிங் உள்ள என் வண்டி போன்றவற்றுக்கு இரட்டை மடிப்புப் பை, அதில் பல 100 பிஎஸ்ஐ வரை. அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன், ஏர் லிஃப்ட், ஆஸ்திரேலியாவின் ஏர்பேக் மேன் எல்லாம் கேள்விப்பட்ட பெயர்கள்தான். பெயரைவிட பிராக்கெட் பொருந்துவதுதான் முக்கியம். கொல்லுப்பட்டறையில் ஒட்டவைத்த பிராக்கெட் வேண்டவே வேண்டாம்.

பூட்டும் வேலை மைத்துனனும் நானும் காக்கி புக்கிட்டில் ஒரு நண்பரின் பட்டறை மூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செய்தது. முந்தின நாள் இரவே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கி அடித்துவிடுங்கள்; இந்த ஊர் மழைக்கும் வெக்கைக்கும் அவை இறுகிப்போய் இருக்கும். முன் சக்கரங்களுக்குக் கட்டை. பின்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். அச்சு கொஞ்சம் தொங்கினால் பை நுழைய இடம் கிடைக்கும்; பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள்.

சேஸிஸுக்கு அடியில் இருக்கும் ரப்பர் முட்டுக்கட்டையைக் கழற்றினால் அந்த இடத்தில் மேல் பிராக்கெட் உட்காரும். கீழ் பிராக்கெட் ஸ்பிரிங் கட்டின் மேல், அச்சைச் சுற்றி போல்ட்டால் கவ்வும். பையை முதலில் பிராக்கெட்டில் தளர்வாகப் பூட்டி, நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும். இறுக்கத்துக்கு செட்டோடு வரும் தாளில் உள்ள அளவுதான். பையின் முனையில் பலம் காட்டினால் திருகு கிழிந்துவிடும். காற்றடைத்த பின் பையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு விரல் நுழையும் இடம் வேண்டும். பிரேக் குழாய், கைப்பிரேக் கேபிள் எதுவும் உரசக் கூடாது. எக்ஸாஸ்ட் குழாய் போகும் பக்கம் வெப்பத் தகடு கட்டாயம். ரப்பர் சாவது பெரும்பாலும் சூட்டால்.

காற்றுக் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், வாய் நசுங்கி ஓரத்தில் கசியும். கூரான பிளேடால் நேர்வாட்டில் வெட்டி, இணைப்பில் அது முட்டி நிற்கும் வரை தள்ளுங்கள். அப்புறம் இழுத்துப் பாருங்கள்.

இனி நான் செய்த பெரிய தப்பு. இரண்டு பைக்கும் ஒரே வால்வு போதுமே என்று 'டி' இணைப்புப் போட்டேன். செலவு மிச்சம், நம்பர் பிளேட் பக்கத்தில் ஒரே ஓட்டை. தீவு விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் வண்டி கப்பல்போலச் சாய்ந்தது. வளைவில் வெளிப்பக்கப் பையின்மேல் எடை ஏறும்போது, அதிலிருக்கும் காற்று குழாய் வழியாக உள்பக்கப் பைக்கு ஓடுகிறது. தாங்க வேண்டிய பை தளர்ந்துபோக, தூக்கக் கூடாத பை தூக்குகிறது. அன்றிரவே பிரித்து இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனி வால்வு போட்டேன். அதில் இன்னொரு லாபம், மின்பெட்டி ஒரு பக்கமாக ஏறினால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக அடிக்கலாம்.

எல்லாம் பூட்டி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்திய பிறகு 30 பிஎஸ்ஐ அடித்து, சோப்பு நுரையை எல்லா இணைப்பிலும் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கழற்றி மறுபடி வெட்டுங்கள். ஒரு இரவு விட்டு மறுபடி அளந்து பாருங்கள். பையின் கொள்ளளவு சின்னது என்பதால் அளவுமானியை வைத்து எடுத்தாலே ஓரிரு பிஎஸ்ஐ போய்விடும். அதைக் கசிவு என்று நினைத்து நான் ஒரு மாலை முழுக்க நுரை தடவிக்கொண்டிருந்தேன். அதே காரணத்தால் சைக்கிள் பம்பே போதும். கடைப் பம்பில் கண்மூடித் திறப்பதற்குள் அளவு தாண்டிவிடும்.

எவ்வளவு அடிப்பது? பின்பக்கத்தை வெறும் வண்டி உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அடித்துக்கொண்டே போகாதீர்கள். தாழ் விளக்கு முன்னால் போகிறவர் கண்ணாடியில் அடிக்காத அளவுக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள். எனக்கு 35இல் விளக்கு சரியானது, பின்பக்கம் இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்வாகவே இருக்கிறது. இருக்கட்டும். டிரெய்லரைக் கழற்றியதும் இறக்கிவிட வேண்டும், ஆனால் பூஜ்யத்துக்கு வேண்டாம். குறைந்தது 5 பிஎஸ்ஐ இருக்கட்டும். காற்றே இல்லாத பை மடிப்பில் நசுங்கிக் கிழியும். 35ஐ அப்படியே விட்டு வெறும் வண்டியாக ஓட்டினால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையின் வேகத்தடை ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் தெரியும்.

பழைய பிக்அப் வைத்திருப்பவர்கள் பின் அச்சுக்கு மேலே ஒரு கம்பியோடு இணைந்த வால்வு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சுமை உணரும் வால்வு அது. வண்டி தாழ்ந்தால் சுமை ஏறியிருக்கிறது என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் தரும். பையால் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதற்கு வண்டி காலி என்று தோன்றும், பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சுமை இருக்கிறது, பிரேக் இல்லை. இதைத் திருத்துவது வீட்டு வேலை இல்லை; பிரேக் தெரிந்த மெக்கானிக்கிடம் சொல்லி அமைத்துக்கொள்ளுங்கள். நான் இதற்காகவும்தான் அந்த ஒன்றரை சென்டிமீட்டரை விட்டுவைத்திருக்கிறேன்.

சேஸிஸ் கதையும் உண்டு. தகட்டு ஸ்பிரிங் தன் இரண்டு முனைகளிலும் சேஸிஸைத் தாங்குகிறது. பையோ நடுவே ஒரே புள்ளியில் முட்டுக் கொடுக்கிறது. தொட்டியின் வாலிலும் கொக்கியிலும் பாரம் தொங்க, நடுவில் பை விறைத்து நின்றால், குழியில் விழுந்து எழும்போது அந்தப் புள்ளிக்குமேல் சேஸிஸ் வளையப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுக்கும் நான்கு கதவுப் பிக்அப்புகள் இப்படி வளைந்த படங்களைப் பார்த்துவிட்டுத்தான், கனமான கேபிள் சுருள்களை ஓட்டுநர் அறைப் பக்கம் தள்ளி அடுக்கும் பழக்கம் எனக்கு வந்தது.

பராமரிப்பு பெரிதாக இல்லை. மாதம் ஒரு தடவை பையின் மடிப்பில் சிக்கிய கல்லையும் மண்ணையும் தண்ணீரடித்துக் கழுவ வேண்டும். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு பிராக்கெட் போல்ட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். வால்வு மூடிகள் எங்களிடம் இரண்டு தடவை தொலைந்துவிட்டன. இப்போது மைத்துனன் டேஷ்போர்டில் ஒரு பழைய மிட்டாய் டப்பா நிறைய சைக்கிள் டியூப் மூடிகளைப் போட்டு வைத்திருக்கிறான். அவையே கச்சிதமாகப் பொருந்துகின்றன.