லெவியான் பெல் மாதிரி பொறுத்து ஓடுவது எப்படி

பந்து கைக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு கண்ணில் படும் முதல் இடைவெளியில் பாய்ந்துவிடு என்றுதான் அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக் (பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுபவர்) ஆட வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் ஆடிய காலத்தில் லெவியான் பெல் செய்தது வேறு. பந்தை வாங்குவார், முன்வரிசையில் நின்று வழி திறந்துவிடும் தன் லைன்மேன்களின் முதுகுக்குப் பின்னால் கிட்டத்தட்ட நின்றேவிடுவார், எதிரே நடக்கும் தள்ளுமுள்ளை ஒரு கணம் வேடிக்கை பார்ப்பார், அப்புறம் பார்த்தால் ஏதோ ஒரு சந்தில் நுழைந்து 8 யார்டு தாண்டிப் போயிருப்பார். 2016இல் அவர் ஆடியது 12 ஆட்டம்தான், ஓடியது 1,268 யார்டு, ஓட்டத்துக்கு 4.9 யார்டு சராசரி. அதைப் பார்த்துவிட்டு ஊர்ப்பட்ட பள்ளிப் பையன்கள் லைனுக்குப் பின்னால் நின்று நடனமாட ஆரம்பித்தார்கள், பெரும்பாலும் அங்கேயே அடிவாங்கி விழுந்தார்கள்.

அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பது தெரியாமல் காலை மட்டும் காப்பியடித்தால் அப்படித்தான் ஆகும். பெல் காத்திருந்தது எதிரணி லைன்பேக்கருக்காக, அதாவது எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நின்று ஓடுபவரைப் பிடிக்க வருபவருக்காக.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்சைட் ஜோன் என்கிற சாதாரண ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். எதிரணி முன்வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள் ஒருவரை, நம் லைனின் நடுவில் நிற்கும் சென்டரும் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டும் சேர்ந்து இரண்டு பேராகத் தள்ளுகிறார்கள். ஆனால் அந்த டேக்கிளுக்குப் பின்னால் நான்கைந்து யார்டு தள்ளி ஒரு லைன்பேக்கர் நிற்கிறார், அவரையும் யாராவது பிடித்தாக வேண்டும். அதனால் இருவரும் டேக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒரு கண்ணை லைன்பேக்கர் மீது வைத்திருப்பார்கள். அவர் எந்தப் பக்கம் வருகிறாரோ அந்தப் பக்கத்து ஆள் கழன்று போய் அவரைப் பிடிப்பார். இப்போது நீங்கள் அவசரப்பட்டு ஓடிவந்தால் லைன்பேக்கரும் உடனே முடிவெடுத்து உங்கள் சந்துக்குள் பாய்வார், உங்கள் கார்டு டேக்கிளைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும், பாதி பிளாக் ஆன (தடுக்கப்பட்ட) அந்த 140 கிலோ மனிதர் அப்படியே திரும்பி உங்கள் மீது விழுவார். நீங்கள் பொறுத்தால்? லைன்பேக்கருக்கு எங்கே போவதென்று தெரியாது. அவர் தயங்குகிற ஒவ்வொரு நொடித்துளியும் இரண்டு பேர் சேர்ந்து டேக்கிளை இன்னும் அரை யார்டு பின்னுக்குத் தள்ளுகிறார்கள். கடைசியில் பொறுமை இழந்து அவர் ஒரு பக்கம் சாய்வார். அவர் சாய்ந்த பிறகு நீங்கள் மறுபக்கம் போக வேண்டியதுதான். அதாவது யார் முதலில் முடிவெடுப்பது என்பதுதான் போட்டியே, பெல் எப்போதும் இரண்டாவதாக எடுப்பார்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு) முன்னாலேயே வேலை ஆரம்பிக்கிறது. லைனுக்குப் பக்கத்தில் எதிரணி ஆட்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள், ஆறா, ஏழா, கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டியும் இறங்கிவந்து எட்டா. எட்டு என்றால் நம் பக்கத்தில் பிளாக் செய்ய ஆளில்லாத எதிரணிக்காரர் ஒருவர் நிச்சயம் இருப்பார், அன்றைக்குப் பொறுமைக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அப்புறம் நீங்கள் போகும் பக்கத்துக் கார்டின் வெளித்தோளில் யாராவது நிற்கிறாரா என்று பாருங்கள், உங்கள் முதல் பார்வை அவர் மீதுதான் இருக்கப் போகிறது. நிற்கும் தூரமும் முக்கியம். உங்களுக்குப் பந்தைக் கொடுக்கும் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நிற்பதென்றால் லைனிலிருந்து 7 யார்டு. அதைவிட நெருங்கி நின்றால் படிக்க நேரமே இருக்காது.

பந்தை வாங்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள். கையை ஒழுங்காகத் திறந்து வைத்தால் குவார்ட்டர்பேக் வயிற்றில் வைத்துவிடுவார், அது அவர் பொறுப்பு. உங்கள் கண் லைனை விட்டு விலகக் கூடாது.

இப்போது கால். பெல் நின்றுவிடுவார் என்று மேலே எழுதினேன், உண்மையில் அவர் கால் ஒருபோதும் நிற்காது. மேட்டில் ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து வைத்திருப்போமே, நகராது, ஆனால் விட்டால் பாயும், அந்த நிலைதான். அடிகள் சின்னதாக, பாதம் இடுப்புக்கு நேர் கீழே, முட்டி மடங்கி. நீளமாக ஒரு அடி எடுத்து வைத்துவிட்டால் போச்சு, அந்தக் கால் திரும்பி வரும்வரை உங்களால் திசை மாற்ற முடியாது. தோள்கள் இரண்டும் லைனுக்கு நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பிவிட்டால் ஒரு பக்கம்தான் ஓட முடியும், அது லைன்பேக்கருக்கும் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் பெல் ஓட்டத்தில் கவனிக்க வேண்டியது அந்தப் பிரபலமான தயக்கத்தைவிட இந்தத் தோள்தான், ஹைலைட் வீடியோ போடுகிறவர்கள் யாரும் இதைக் காட்டுவதில்லை.

இன்னொன்று, பின்னாலேயே நின்று காத்திருக்கக் கூடாது. முன்னே போய், உங்கள் லைன்மேனின் குதிகால் வரை நெருங்கி, அங்கே காத்திருங்கள். தூரத்தில் நின்றால் லைன்பேக்கருக்கும் சாவகாசம் கிடைக்கும். நெருங்கிப் போனால்தான் இந்தச் சந்தில்தான் வரப்போகிறார் என்று நம்பி அவர் அதை அடைக்க வருவார். சில ஓட்டங்களில் முன்னால் இருக்கும் லைன்மேனின் முதுகில் கையை வைத்துக்கொள்வது நல்லது. அவர் எந்தப் பக்கம் தள்ளுகிறார் என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

கண்ணுக்கு இரண்டு வேலை, வரிசையாக. முதலில் அந்த டிஃபென்சிவ் லைன்மேன். அவர் வெளிப்பக்கம் போனால் நீங்கள் உள்ளே, உள்ளே வந்தால் நீங்கள் வெளியே. அது தெரிந்த கணமே பார்வை அவருக்குப் பின்னால் இருக்கும் லைன்பேக்கருக்குப் போக வேண்டும். எல்லாரையும் ஒரே நேரத்தில் பார்க்க முயல்பவர் யாரையும் பார்க்கமாட்டார்.

லைன்பேக்கர் சாய்ந்துவிட்டார். இனி யோசிப்பது கிடையாது. ஒரே ஒரு வெட்டு, வெளிக்காலை ஊன்றி, அடுத்த மூன்று அடியும் முழு வேகத்தில், தோளைத் தாழ்த்தி, நேராக முன்னே. இங்கே இரண்டாவது தடவை தயங்குகிறவர்கள்தான் பொறுமை என்ற பெயரையே கெடுப்பவர்கள். பெல் ஒன்றும் மின்னல் வேக ஓட்டக்காரர் இல்லை, 40 யார்டை 4.6 விநாடியில் ஓடியவர், அவரைவிட வேகமான ரன்னிங் பேக்குகள் லீக் முழுக்க இருந்தார்கள். நின்ற நிலையிலிருந்து இரண்டே அடியில் வேகம் பிடிப்பதில்தான் அவர் கெட்டிக்காரர். அது உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதைப் பயிற்சி செய்யுங்கள், இல்லாமல் காத்திருப்பதில் பயனே இல்லை.

பவர், கவுண்டர் போன்ற ஓட்டங்களில் பொறுமை ஒரு பாணி இல்லை, கட்டாயம். எதிர்ப்பக்கக் கார்டு தன் இடத்தை விட்டுக் கிளம்பி லைனுக்குப் பின்னால் குறுக்கே ஓடிவந்து உங்களுக்கு முன்னால் நுழைய வேண்டும். ஸ்டீலர்ஸில் வலப்பக்கக் கார்டு டேவிட் டிகாஸ்ட்ரோ அப்படி இடப்பக்கம் வரும் ஓட்டங்களைத் தேடிப் பாருங்கள், பெல் அவரை முந்துவதே இல்லை.

எப்போது இதைச் செய்யக் கூடாது? மூன்றாவது டவுனில் (10 யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) ஒரு யார்டு வேண்டும், அல்லது கோல் கோட்டுக்கு ஒரு யார்டு இருக்கிறது என்றால் பேசாமல் முட்டிக்கொண்டு போங்கள். ஸ்னாப் ஆன உடனேயே எதிரணி ஆள் ஒருவர் லைனைப் பிளந்து உள்ளே வந்துவிட்டாலும் அதேதான், கிடைத்த ஒரு யார்டை எடுத்துக்கொண்டு விழுந்துவிடுங்கள். ஓட்டத்துக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் நிற்கும் எதிரணி ஆளை யாரும் பிளாக் செய்யாமல் விட்ட ஓட்டங்களில் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் துரத்திக்கொண்டே வருவார் என்பதையும் மறக்காதீர்கள். பனியும் ஈரமும் இருக்கும் நாளில் மட்டும் கணக்கு உங்களுக்குச் சாதகம், ஏனென்றால் சாய்ந்த லைன்பேக்கர் வழுக்காமல் திரும்புவது கஷ்டம். 2016 டிசம்பர் 11 அன்று பஃபலோவில் கொட்டிய பனியில் பெல் 38 முறை ஓடி 236 யார்டு எடுத்தார், ஸ்டீலர்ஸ் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் எடுக்கப்பட்ட அதிகபட்சம் அது.

எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் லைன் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பெல்லின் கதையே இதற்குச் சாட்சி. 2013இல் வந்த முதல் வருடம் சராசரி 3.5 யார்டுதான். அடுத்த வருடம் மைக் மன்ச்சாக் லைன் பயிற்சியாளராக வந்தார், பெல்லும் உடம்பை இளைத்துக்கொண்டு வந்தார், 1,361 யார்டு, சராசரி 4.7. பவுன்சி, டிகாஸ்ட்ரோ, ரமோன் ஃபாஸ்டர் போன்ற லைன்மேன்கள் பிளாக்கை விடாமல் பிடித்து நின்றதால்தான் அவரால் நிற்க முடிந்தது. 2018இல் ஒப்பந்தத் தகராறில் 1.45 கோடி டாலரை வேண்டாமென்று சொல்லிவிட்டு வருடம் முழுக்க வீட்டில் இருந்தார் (காத்திருப்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை மைதானத்தோடு நிற்கவில்லை போலும்). அந்த வருடம் அதே லைனுக்குப் பின்னால் ஜேம்ஸ் கானர் அவ்வளவு தயங்காமல் ஓடியே 4.5 யார்டு சராசரி எடுத்தார். மறுவருடம் பெல் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார், 245 ஓட்டம், 789 யார்டு, சராசரி 3.2. அங்கே அவர் காத்திருந்தபோது எதிரணிதான் வந்து சேர்ந்தது. லைன்தான் எல்லாம், பெல் ஒன்றுமில்லை என்று இதை வைத்து வாதிடுபவர்கள் உண்டு, எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 2017 ஜனவரியில் கன்சாஸ் சிட்டிக்கு எதிரான பிளேஆஃபில் ஸ்டீலர்ஸ் ஒரு டச்டவுன்கூட (பந்தோடு கோல் கோட்டைத் தாண்டுவது) எடுக்காமல் ஆறு ஃபீல்டு கோலிலேயே (பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) 18–16 என்று ஜெயித்தது, அன்றைக்குப் பந்தை நகர்த்திக்கொண்டே இருந்தது பெல்லின் 170 யார்டு. அதில் பல ஓட்டங்களில் முதலில் சந்தே இருக்காது.

பயிற்சிக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. தரையில் நான்கு பைகளை ஒரு யார்டு இடைவெளியில் வரிசையாகப் போட்டு, அவற்றுக்கு அப்பால் ஐந்து யார்டில் ஒரு நண்பரை லைன்பேக்கராக நிறுத்துங்கள். நீங்கள் சின்ன அடி எடுத்துப் பைகளை நெருங்க வேண்டும், அவர் கடைசி நொடிவரை அசையாமல் இருந்து ஏதாவது ஒரு பக்கம் போக வேண்டும், அவர் கிளம்பிய பிறகுதான் நீங்கள் மறுபக்கம் வெட்ட வேண்டும். முதலில் நடை வேகத்தில் செய்யுங்கள். நண்பர் சில தடவை அசையவே கூடாது, அப்போதும் ஒரு கட்டத்தில் முடிவெடுத்து நேராகப் போகப் பழக வேண்டும். வீட்டில் இருக்கும்போது ஆட்டப் பதிவுகளைப் பாருங்கள், அதுவும் மேலிருந்து 22 பேரும் தெரிகிற பயிற்சியாளர் கோணத்தில். பந்து கைமாறும் கணத்தில் நிறுத்திவிட்டு, எந்த லைன்பேக்கர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லிப் பார்த்துவிட்டு ஓடவிடுங்கள்.

கடைசியாக, பந்து. லைனுக்குப் பின்னால் கூடுதலாக ஒரு விநாடி இருப்பவருக்குப் பின்னாலிருந்து கை வரும். சந்தைத் தேடும் நேரம் முழுக்கப் பந்தின் முனை விரல்களுக்குள், மறுமுனை முழங்கை மடிப்புக்குள், மார்போடு ஒட்டி உயரமாக இருக்க வேண்டும், நெரிசலுக்குள் நுழையும்போது இரண்டாவது கையும் மேலே வந்துவிட வேண்டும்.