முந்நூறு சொல்லில் ஒரு தியானம்: முதன்முறை எழுதுகிறவர்களுக்கு

“சபைப் பத்திரிகைக்கு ஒரு தியானம் எழுதிக் கொடுங்களேன்” என்று யாராவது கேட்டால், ஒரு பைபிள் வசனத்தை வைத்து எழுதும் ஒரு பக்கம்தானே என்று தலையாட்டிவிடுவோம். நானும் அப்படித்தான் மாட்டினேன். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரே மாலையில் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் ஆசிரியர், “இதில் வசனம் எங்கே?” என்று கேட்டிருந்தார். வசனம் மேலே பெரிய எழுத்தில்தான் இருந்தது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் என் புத்திமதி.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட வரிசையை இங்கே தருகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரே வசனம் போதும்: எரேமியா 29:11.

முதல் படி: வசனத்தைச் சுற்றி வாசியுங்கள்

“அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற வரி காலண்டரிலும், புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வசனமாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் நமக்குப் பழக்கமானது. இந்த வருஷம் வேலை கிடைக்கும், கடன் அடையும் என்று எழுதக் கை பரபரக்கும். பொறுங்கள். பேனாவைத் தொடாமல் 28-ஆம் அதிகாரத்திலிருந்து வாசியுங்கள்.

பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன்பாகச் சொல்கிறான். கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாரும் ஊர் திரும்பப் போவதில்லை. அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அடுக்குகிறது. 11-ஆம் வசனம் இத்தனைக்கும் பிறகுதான் வருகிறது. எழுபதை விட்டுவிட்டு நன்மையை மட்டும் எடுத்து எழுதினால் நாமும் அனனியா கட்சியில் சேர்ந்துவிடுவோம்.

இரண்டாம் படி: ஒரு முகத்தை எதிரே உட்கார வையுங்கள்

‘விசுவாசிகள் அனைவருக்கும்’ என்று எழுதினால் யாருக்கும் போய்ச் சேராது. நான் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பாட்டியை நினைத்துக்கொண்டேன். கோலார் தங்கவயல்காரர். 2001-இல் சுரங்கம் மூடிய பிறகு மகனோடு இங்கே வாடகை வீட்டுக்கு வந்தவர். ஒரு ஜனவரியில் வாக்குத்தத்த அட்டையைக் காட்டி, “எனக்கு எழுபத்தெட்டு முடிஞ்சுது தம்பி. இனிமே எனக்கு எந்த எதிர்காலத்தைச் சொல்லுது இது?” என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத வாக்கியம் எதுவும் தியானத்தில் இருக்கக் கூடாது. என் முதல் தாளில் பாதி அங்கேயே விழுந்துவிட்டது.

மூன்றாம் படி: ஒன்றைத் தவிர மற்றதை வெட்டுங்கள்

பிரசங்கத்துக்கு நாற்பது நிமிஷம் இருக்கிறது. தியானத்தை வாசிக்கிறவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசிக்கிறார். தோட்டம் போடச் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு, நான் ஆசையாகக் கண்டுபிடித்த அனனியாவையே வெட்டினேன். வலிக்கத்தான் செய்தது.

நான்காம் படி: கண்ணால் பார்த்ததிலிருந்து தொடங்குங்கள்

வெளிநாட்டுக் கப்பல் தலைவனும், ஓவியனும், மகனை இழந்த பணக்காரரும் வரும் கதைகள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. வசனத்தை மெய் என்று சொல்கிற பக்கத்தில் அவை வேண்டாம் என்பது என் பிடிவாதம். உங்கள் தெருவில் பாருங்கள். எனக்குக் கிடைத்தது இது:

“அந்த வீட்டு வாசலில் ஒரு பழைய நீலப் பெயிண்ட் பக்கெட். அதில் கறிவேப்பிலைச் செடி. சொந்த வீடு இல்லை, எப்போது காலி செய்யச் சொல்வார்களோ தெரியாது. ஆனாலும் தினமும் சாயங்காலம் ஒரு செம்புத் தண்ணீர்.”

இவ்வளவுதான் தொடக்கம். அடுத்த பத்தியில் எரேமியாவின் கடிதம் வந்தது. செடிக்கும் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்கி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.

ஐந்தாம் படி: வாய்விட்டு வாசியுங்கள்

இந்த ஊரில் இது ரொம்ப முக்கியம். இங்கே வளரும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும். பள்ளியில் படிப்பது கன்னடமும் ஆங்கிலமும். வீட்டில் யாரோ ஒருவர் வாசிக்க, அவர்கள் காதால்தான் கேட்கிறார்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை உடையுங்கள். 1871-இல் வந்த பழைய பைபிள் மொழிபெயர்ப்பு நம் நாக்கில் ஊறிப்போனதால், ‘கிருபை’, ‘இரட்சிப்பு’ என்று தானாகவே வந்து விழும். வசனத்தில் இருக்கட்டும். உங்கள் சொந்த வாக்கியத்தில் ‘உண்டாயிருக்கிறபடியினால்’ எதற்கு?

இன்னொன்று. சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கரும் படிப்பார் என்றால் அவருக்குப் பைபிளில் வரும் சங்கீதம் ‘திருப்பாடல்’, கர்த்தர் ‘ஆண்டவர்’. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எந்த மொழிபெயர்ப்பு என்று குறிப்பிட்டுவிடுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ஆறாம் படி: ஜெபத்தை இரண்டு வரியில் முடியுங்கள்

மேலே எழுதியதையே ஆண்டவருக்குத் திரும்ப விளக்காதீர்கள். அவருக்குத் தெரியும்.

எழுத வராத நாட்கள்

கிறிஸ்துமஸ் இதழுக்கு ஆகஸ்ட் மழையில் எழுதச் சொல்வார்கள். காசு பெரும்பாலும் கிடையாது; இதழில் ஒரு பிரதி வரும். இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு: இரண்டு வாரமாக ஒழுங்காக ஜெபிக்காத நிலையில் ஜெபத்தைப் பற்றி எழுத உட்காருவது. வேஷம் போடுகிற மாதிரி இருக்கும். அப்படி ஒரு சமயத்தில் சங்கீதம் 88-ஐ எடுத்துக்கொண்டேன். புலம்பலாகவே போய், கடைசி வரி வரை ஆறுதல் வராமல் முடிகிற சங்கீதம் அது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பதை மட்டும் எழுதினேன். சந்தோஷத்தோடு எழுதிய பல தியானங்களை விட அதற்குத்தான் அதிகம் பேர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர்களில் இரண்டு பேர் பேசவே இல்லை, அழுதார்கள்.

ஒருவருடைய வாழ்க்கையை எழுதுமுன் அவரிடம் கேட்டுவிடுங்கள். அடையாளத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். பாட்டியிடம் கேட்டேன், சரி என்றார். அவர்தான் என்று தெருவுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று பச்சை பக்கெட்டை நீலமாக்கினேன். இதழ் வந்த பிறகு பேரனை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைத் தேடி வந்து, ஒரு கட்டுக் கறிவேப்பிலையைக் கையில் திணித்தார்.

“எல்லாம் சரியா எழுதியிருக்கே தம்பி. ஆனா பக்கெட் பச்சை.”